சந்தையும் நாணயமும்



நம் மொழியில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கையில் எண்ணிக் கொடுக்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத ஒழுக்கமும் நாணயமே. பள்ளியில் இச்சொல் பாடத்தில் வரும்பொழுதெல்லாம், இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் யாரேனும் ஒருவர் என்னைக் கேட்பதுண்டு. அகராதியைக் கொண்டு விடை சொல்வதைவிட, கோயமுத்தூர் நாட்டுப்புறத்தின் வரலாற்றைக் கொண்டு விடை சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. காசு அரிதாகவும் கொடுக்கல் வாங்கல் மிகுதியாகவும் இருந்த காலம் அது. அக்காலத்து உழவரும் வணிகரும் ஒருவரை ஒருவர் எவ்வாறு நம்பி வாழ்ந்தனர், அந்நம்பிக்கை எங்கே குறைபட்டது, அக்குறையை நீக்கச் சங்கமும் சட்டமும் எவ்வாறு வந்தன, அவையும் யாரை எட்டாமற் போயின என்பவற்றையே இன்று சொல்லக் கருதுகிறேன். ஏறத்தாழ 1900 முதல் 1938 வரையுள்ள காலத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அன்றைய கோயமுத்தூர் மாவட்டம் மிகப் பரந்தது. இன்றைய கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் பெரும்பகுதி அதனுள் அடங்கியிருந்தது. கரூர் 1910 வரையிலும், கொள்ளேகாலம் 1956 வரையிலும் அதனோடு சேர்ந்திருந்தன. மேற்கே நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே காற்று வருகிற அளவுக்கு மழை வருவதில்லை. பவானி, அமராவதி, நொய்யல் ஆகிய ஆறுகளின் கரையை விட்டு விலகினால், பல்லடம், காங்கேயம், தாராபுரம், அவினாசிப் பக்கங்களில் வானம் பார்த்த புன்செய் நிலமே மிகுதி. கம்பும் சோளமும் ராகியுமே பெரும்பாலோரின் உணவு. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் சொல்வர். அப்பஞ்சத்தில் இம்மாவட்டத்தின் மக்கள்தொகை, பெருகுவதற்கு மாறாகக் குறைந்துபோயிற்று.

மழையை நம்ப இயலாத நாட்டில் உழவர் கிணற்றை நம்பினர். பாறையை உடைத்து நாற்பது அடி, ஐம்பது அடி என்று ஆழமாக வெட்டினர். கிணறு வெட்டப் பணம் வேண்டும். 1883ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டத்தின்படி அரசினர் தக்காவிக் கடன் கொடுத்தனர் என்றாலும், அதற்காகக் கச்சேரிக்குப் பலமுறை நடக்க வேண்டியிருந்தமையால், உள்ளூரில் வட்டிக்கு வாங்கி வெட்டியவரே பலர். ஆகவே, இந்நாட்டில் கிணறு தோன்றியபொழுதே கடனும் கூடத் தோன்றிற்று எனலாம்.

வெட்டிய கிணற்றிலிருந்து நீரை மேலே கொணர்வது அடுத்த வேலை. அதற்குக் கவலை என்னும் ஏற்றம் பயன்பட்டது. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி நடக்க, வடக்கயிற்றில் கட்டிய சால் மேலே வரும். சாலின் அடியில் தோலால் தைத்த தும்பி ஒன்று நீண்டிருக்கும். வால்கயிறு அதனை இழுத்துப் பிடித்திருக்கும். சால் கிணற்றின் வாய்க்கு வந்ததும் தும்பியின் வழியே நீர் தானாகவே தொட்டியிற் கொட்டும். பின்னர் எருதுகள் பின்னோக்கி ஏறிவர வேண்டும். விடியற்காலையிலிருந்து பொழுது ஏறும்வரை இப்படியே நடக்கும். இவ்வொரு கருவிக்குள் ஊர் முழுவதும் அடங்கியிருந்தது. மரவேலை தச்சருடையது, இரும்பு வேலை கொல்லருடையது, தும்பியும் தோல் வாரும் தோல் தொழிலாளர் செய்து தந்தவை, எருதுகள் காங்கேயத்து இனம்.

காங்கேயம் காளையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். கிளுவை வேலி கட்டி, இடையிடையே வெள்வேல மரங்களை வளரவிட்டு, கொழுக்கட்டைப் புல்லை மேய்ச்சலுக்காகவே காத்து வைத்த நிலத்தை அந்நாட்டார் கொறங்காடு என்பர். பயிரிட இயலாத நிலத்தைப் பயனற்றது என்று தள்ளிவிடாமல், அதிலிருந்தே நாடறிந்த மாட்டினம் ஒன்றை உண்டாக்கினர். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இவ்வின வளர்ப்பிற் பெரும் பெயர் பெற்றது. நல்ல எருதுச் சோடி உள்ளவருக்கே கிணற்றுப் பாசனம் நடக்கும். எனவே மாட்டுச் சந்தை இந்நாட்டு வாணிகத்தின் முதல் அங்கம் ஆயிற்று.

இனிச் சந்தைக்கு வருவோம். பொள்ளாச்சியில் வியாழக்கிழமைதோறும் சந்தை கூடிற்று. இவ்வாறே ஒவ்வொரு சுற்றுவட்டத்துக்கும் ஒரு சந்தையும், அதற்கென ஒரு கிழமையும் இருந்தன. அந்தக் கிழமையைக் கொண்டே மக்கள் வாரத்தை எண்ணினர். சந்தைக்குப் போகிறவர் பொருள் வாங்க மட்டும் போகவில்லை. பெண் கொடுக்கல் வாங்கற் பேச்சு, பங்காளி வழக்கு, மழைச் செய்தி, மாரியம்மன் கோயில் நோன்பு சாட்டிய செய்தி ஆகிய யாவும் அங்கேயே பரவின. சந்தைச் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் நுழைவாயிலில் நின்று வண்டிக்கும் மாட்டுக்கும் தலைச்சுமைக்கும் காசு வாங்குவார்.

மாடு விற்பவரும் வாங்குபவரும் துண்டின் மறைவில் விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நேயர்கள் பலர் அறிவீர்கள். பேரம் முடிந்தபின் பணம் முழுவதும் உடனே கைமாறுவதில்லை. ஒரு பகுதி இன்று, மீதி அறுவடைக்குப் பின் என்று வாய்ச்சொல்லாகவே முடியும். சந்தைக்கு அடுத்த வாரமும் வரவேண்டும் என்ற எண்ணமே அச்சொல்லுக்குக் காவல். வாக்குத் தவறியவருக்கு அச்சந்தையில் மறுமுறை கடன் கிடைக்காது.

பெண்களுக்கும் சந்தையிற் பங்கு இருந்தது. வெண்ணெய், கோழி, முட்டை, ஆட்டுக்குட்டி முதலியவற்றை விற்று அவர்கள் சேர்த்த சிறு பணத்தைச் சிறுவாடு என்பர். ஆடவர் பேரேட்டில் இச்சிறுவாட்டுக்கு இடம் இராது. ஆயினும், வரி கட்டும் நாள் நெருங்கும்பொழுது அடுக்குப் பானையிலிருந்து வெளிவந்து குடும்பத்தின் மானத்தைக் காத்தது பலமுறை இப்பணமே. திருமணத்தில் எழுதப்படும் மொய்யும் இவ்வகையைச் சேர்ந்ததே. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வதை யாரும் கடன் என்று சொல்லார். ஆனால் மொய் நோட்டைப் புரட்டிப் பார்க்காமல் யாரும் அடுத்த திருமணத்துக்குப் புறப்படமாட்டார்.

இவ்வாறு ஊருக்குள் நடந்துவந்த வாழ்க்கையை வெளியுலகத்தோடு பிணைத்தது பருத்தி. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற இருப்புப்பாதை 1862க்குள் இம்மாவட்டத்தைக் கடந்துவிட்டது. கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் ஆலை 1888இல் நிறுவப்பட்டது. உப்பம், கருங்கண்ணி போன்ற பழைய பருத்தி இனங்கள் மழையை நம்பிக் கரிசல் நிலத்தில் விளைந்தவை. 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்போடியாப் பருத்தி இங்கு வந்தது. அதன் இழை நீளமானது. செம்மண்ணில் கிணற்று நீர் பாய்ச்சினால் நன்றாக விளைந்தது. கிணற்றுத் தோட்டமும் கம்போடியாப் பருத்தியும் ஒன்றுக்கு ஒன்று இசைந்தமையால், சில ஆண்டுகளிலேயே அது நாடெங்கும் பரவிற்று. வேளாண்மைக் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டதும் இதே பத்தாண்டில்தான். பருத்திச் செடியில் புழுவும் வண்டும் பெருகாதிருக்க, பழைய செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று 1919ஆம் ஆண்டின் பூச்சிநோய்ச் சட்டத்தின்படி ஆணையும் பிறந்தது. இன்னும் சில காய்கள் வெடிக்குமே என்று ஏங்கிய உழவருக்கு அது கசப்பாகவே இருந்திருக்கும்.

திருப்பூர் பருத்தி மண்டிகளின் ஊராயிற்று. சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து பருத்திப் பொதிகளை ஏற்றிய வண்டிகள் இரவெல்லாம் நடந்து விடியலில் வந்து சேரும். அங்கே உழவர் நேரே ஆலைக்காரரைக் காண்பதில்லை. தரகரையும் மண்டிக்காரரையும் காண்பார். மண்டிக்காரர் தீயவர் என்று நான் சொல்லவரவில்லை. விதைக்கும் எருவுக்கும் கல்யாணத்துக்கும் முன்பணம் தந்தவர் அவரே. வண்டி அவிழ்க்க இடமும் மாட்டுக்குத் தண்ணீரும் தந்தவரும் அவரே. ஆனால் முன்பணம் வாங்கியவர் வேறு மண்டிக்குப் போக இயலாது. விலை குறைவு என்று தோன்றினாலும் பொதியைத் திருப்பி ஏற்றிச் செல்ல இயலாது. அதன்மேல் தரகு, மகமை, சாக்குக் கழிவு, மாதிரிப் பஞ்சு எனப் பல பிடித்தங்கள். மகமைப் பணம் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கும் பயன்பட்டது உண்மையே. ஆயினும், கொடுத்தவர் உழவர். பெயர் பெற்றவர் வேறொருவர். எடைக்கல்லும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. நம்பிக்கை என்பது இருவருக்கும் பொதுவாக இருக்கவேண்டியது. ஒருவரே தராசையும் பேரேட்டையும் வைத்திருக்கும் இடத்தில் அது மற்றவருக்குத் தளையாகிவிடுகிறது.

இக்குறையை முன்பே கண்டவர் ஒருவர் உண்டு. பிரடெரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி 1887இல் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். இந்நாட்டின் கிணறுகளையும் கடன்களையும் நன்கு அறிந்த அவரைச் சென்னை அரசினர், ஐரோப்பாவில் உழவர்க்குக் கடன் கிடைக்கும் வழிகளை ஆராயுமாறு பணித்தனர். 1895இலும் 1897இலும் அவருடைய அறிக்கை இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பார் சிற்றூர்களில் ஏற்படுத்திய கடன் சங்கங்களை அவர் வழிகாட்டியாகக் காட்டினார். ஒரே ஊரார், ஒருவரை ஒருவர் அறிந்தவர், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு ஏற்பவர்; இவர்கள் கூடினால் சொத்தில்லாதவனுடைய நல்லொழுக்கமும் ஈடாக நிற்கும் என்பது அம்முறையின் கருத்து.

இதனையொட்டி 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது. பதினெட்டு வயது கடந்த பத்துப் பேர் கூடினால் சங்கம் அமைக்கலாம். செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் அவ்வாண்டே சென்னை மாகாணத்தின் முதற் கிராமச் சங்கம் தோன்றியது. 1912ஆம் ஆண்டின் சட்டம் மத்திய வங்கிகளுக்கும், கடனல்லாத பிற தொழில்களுக்கான சங்கங்களுக்கும் இடம் தந்தது. நம் மாவட்டத்து ஊர்களிலும் சங்கங்கள் பெருகின. அவற்றுக்குத் தமிழில் இட்ட பெயர் என்ன தெரியுமா? ஐக்கிய நாணயச் சங்கம் என்பது. ஆங்கிலத்தில் கடன் என்ற சொல் நின்ற இடத்தில் நம்மவர் நாணயம் என்ற சொல்லை வைத்தனர். மொழிபெயர்த்தவர் யாராயினும் அவர் சந்தையை அறிந்தவர் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

ஆனால் பெயர் வைத்தவுடன் பொருள் நிறைவேறிவிடாது. சங்கத்தில் நிலமுள்ளவருக்கே கடன் எளிதாகக் கிடைத்தது. ஊர்ப் பெரியவர்களே தலைவரும் பொருளாளரும் ஆயினர். பழைய கடனைத் தீர்க்கச் சங்கத்தில் வாங்கி, சங்கத் தவணையைக் கட்ட மீண்டும் வட்டிக்காரரிடம் சென்றவரும் உண்டு. 1929க்குப் பின் உலகெங்கும் ஏற்பட்ட விலைவீழ்ச்சி இதனை வெளிப்படையாக்கிற்று. பருத்தி விலை விழுந்தது. கடன் தொகை விழவில்லை. ஒரு பொதி விற்றுத் தீர்க்கலாம் என்று எண்ணி வாங்கிய கடனுக்கு இரண்டு பொதி விற்றாலும் போதாதென்ற நிலை வந்தது. சொன்ன சொல்லைக் காக்க விரும்பியவராலும் காக்க இயலவில்லை. நாணயமுள்ள மனிதரை நாணயமற்றவராக ஆக்கியது நாணயத்தின் மதிப்பே என்பது விந்தையான உண்மை.

அதன்பின் சட்டங்கள் வந்தன. 1933இல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் நிறைவேறியது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை ஆகியவற்றின் விற்பனையை ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். அச்சட்டத்தின்படி மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936இல் திருப்பூரிலேயே அமைந்தது. உழவர் பிரதிநிதிகளும் குழுவில் இருக்க, எடையிடுவோர் உரிமம் பெறவேண்டும், கண்டபடி பிடித்தம் செய்யலாகாது என்ற முறை ஏற்பட்டது. 1938இல் இராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அசலைப்போல் இருமடங்கு கட்டியவருடைய பழைய கடன் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. இச்சட்டத்தால் மீண்ட குடும்பங்கள் பல. இனிக் கடன் கொடுத்தாற் பணம் திரும்புமோ என்று அஞ்சிக் கையை மூடிக்கொண்டவர்களும் உண்டு. நோய்க்கு மருந்து கசப்பது இயல்பு.

இவ்வளவும் அறிக்கைகளிலும் வரலாற்று நூல்களிலும் காணக்கூடியவை. அவற்றில் இல்லாத ஒன்றை என் வீட்டுப் பெட்டியில் கண்டேன். அதைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் முறையன்று.

என் பாட்டனார் பல்லடத்துப் பக்கத்தில் ஒரு கிணற்றுத் தோட்டம் வைத்திருந்தவர். நாணயத்துக்குப் பேர்போனவர் என்று ஊரார் இன்றும் சொல்லக் கேட்கிறேன். ஐக்கிய நாணயச் சங்கத்துப் பங்குச் சீட்டு, மண்டிச் சீட்டுகள், தீர்த்து வாங்கி நடுவே கிழிக்கப்பட்ட புரோநோட்டுகள் ஆகியவற்றோடு பேரேடு ஒன்றும் அவர் பெட்டியில் இருந்தது. பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் அதன் பக்கங்களில் ஒவ்வொரு கணக்கும் பற்று வரவு பார்த்து, கோடிட்டு, 'தீர்ந்தது' என்று முடிக்கப்பட்டுள்ளது. ஒரே ஒரு கணக்கு மட்டும் அவ்வாறு முடியவில்லை. அது எங்கள் தோட்டத்திற் கவலை ஓட்டிய பண்ணையாளுடையது.

ருத்ரோத்காரி ஆண்டில், அதாவது 1923இல், அக்கணக்கு தொடங்குகிறது. மகள் கல்யாணத்துக்கு முன்பணம், பின்னர் கம்பு இத்தனை வள்ளம், தீபாவளிக்கு வேட்டி ஒன்று, காய்ச்சலுக்கு மருந்துச் செலவு, மீண்டும் கம்பு. பற்றுப் பத்தி நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போகிறது. வரவுப் பத்தியில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை. தாது ஆண்டில், அதாவது திருப்பூரில் விற்பனைக் கூடம் அமைந்த அதே 1936இல், கணக்கு நடுவரியில் நின்றுவிடுகிறது. கூட்டுத்தொகையும் இல்லை, கோடும் இல்லை. அவர் இறந்தாரோ, ஊரை விட்டுச் சென்றாரோ, அவருடைய மகன் அந்தக் கடனையும் கவலைக் கயிற்றையும் சேர்த்து ஏற்றுக்கொண்டாரோ, ஏடு சொல்லவில்லை.

பாட்டனார் ஒரு காசும் பொய்யாக எழுதியிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் அதைச் சரிபார்க்க அந்த மனிதரால் இயலாது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பாட்டனார் மண்டிக்காரரிடம் எந்த நிலையில் நின்றாரோ, அதைவிடக் கீழான நிலையில் அவர் என் பாட்டனாரிடம் நின்றார். மண்டிக் கணக்கை எதிர்த்துக் கேட்கச் சங்கமும் சட்டமும் வந்தன. பண்ணைக் கணக்கைக் கேட்க எதுவும் வரவில்லை. அவர் இனத்தார் கையாற் செய்த தும்பி வழியேதான் எங்கள் தோட்டத்துக்கு நீர் வந்தது. ஆனால் ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரு குடம் நீர் மொள்ள அவர் மனைவிக்கு உரிமை இல்லை. 1920இல் ஏற்பட்ட தொழிலாளர் இலாகா தனிக் கிணறுகளும் பள்ளிகளும் அமைக்க முற்பட்டது. பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமையை வலியுறுத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1938இல் வந்தது. சட்டம் வந்த நாளுக்கும் குடம் நிறைந்த நாளுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பதை ஒவ்வோர் ஊரும் தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லவேண்டும்.

அப்பக்கத்தைக் கண்டபின், நாணயம் என்னும் சொல்லுக்கு நான் கூறிவந்த விளக்கத்தை மாற்றிக்கொண்டேன். கொடுத்த சொல்லைக் காப்பது நாணயம் என்று முன்பு சொன்னேன். என் பாட்டனார் அதைக் காத்தார். நம்மைக் கணக்குக் கேட்க வல்லவரிடம் சொற்காப்பது அவ்வளவு அரிதன்று. அடுத்த வாரச் சந்தையே நம்மைக் காக்கவைக்கும். கேட்க இயலாதவருடைய கணக்கையும் கோடிட்டு முடித்து, அவருக்குப் படித்துக் காட்டி, முடியுமானால் அவர் பிள்ளைக்கே படிக்கக் கற்றுக்கொடுப்பதே முழு நாணயம் என்று பிற்காலத்து மாணவர்களுக்குச் சொன்னேன்.

இப்பொழுது அம்மாவட்டத்தில் கவலைகள் ஓடுவதில்லை. 1932இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்தபின், சிறிது சிறிதாக மின்பொறிகள் கிணற்று மேட்டுக்கு வந்தன. திருப்பூர் பின்னலாடையால் உலகறிந்த ஊராயிற்று. கம்போடியாப் பருத்தியின் பெயர்கூட இளைஞர் பலருக்குத் தெரியாது. மாறுதல் நல்லதே. ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய பேரேடு ஒன்று இருக்கக்கூடும். பழைய தாள் என்று எறிந்துவிடாமல் ஒருநாள் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். 'தீர்ந்தது' என்று எழுதிய பக்கங்களில் நம் முன்னோரின் பெருமை இருக்கும். முடியாமல் நின்ற பக்கம் ஒன்று கண்ணிற் பட்டால், அந்தக் கணக்கு நமக்கு உரியது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.